ஒரு நூல், இரண்டு ஊசி: தோல் தைக்கப் பழகுகிறவர்களுக்கு

2024 மாசி 11, வந்த கேள்வி

"அப்பாவின் பழைய தோல் பெல்ட் கொக்கியடியில் பிய்ந்துபோனது. துணி தைக்கிற ஊசியால் தைக்கப் பார்த்தேன். இரண்டு ஊசி உடைந்தது, மூன்றாவது விரலில் ஏறியது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தோல் தைக்கப் பழகலாமா? என்னென்ன சாமான் வேண்டும்? வீடியோக்களில் பார்த்தால் மேசை நிறைய ஆயுதம் பரப்பி வைத்திருக்கிறார்கள். மெசினில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையா?"

மாசி 11, இரவு 9.40

ஊசி உடைந்தது ஊசியின் குற்றமில்லை. துணியில் ஊசியே துளை போட்டுக்கொண்டு போகும். தோலில் அது நடக்காது. முதலில் துளை, பிறகுதான் ஊசி. துளை போட வேறு ஆயுதம் இருக்கிறது. ஊசிக்கு நூலைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை மட்டும்தான். அதனால் தோல் ஊசியின் நுனி மொட்டையாக இருக்கும். கூராக இருந்தால் துளைக்குள் ஏற்கெனவே கிடக்கிற நூலைக் குத்திப் பிளந்துவிடும்.

சாமான்: மொட்டை ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல், துளை போட ஒரு குத்தூசி, கோடு கீற பள்ளிக்கூடக் கவராயம், புது பிளேட், இரும்பு அடிமட்டம். வேறு ஒன்றும் வேண்டாம். மேசை நிறையப் பரப்பி வைத்திருப்பவர்கள் ஆயுதம் காட்டத்தான் வீடியோ எடுக்கிறார்கள்.

மெசின் கதை நாளைக்கு. மின்சாரம் போகப்போகிற மாதிரி பல்ப் மினுங்குகிறது.

மாசி 12

தையல் மெசினில் மேல் நூல் மேலேயே ஓடும், பொபின் நூல் கீழேயே ஓடும். ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டும் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பிவிடும். மேல் நூல் ஓரிடத்தில் அறுந்தால் கீழ் நூலுக்குக் கொளுவ ஆளில்லை. இழுக்க இழுக்க அடுத்த தையல், அதற்கடுத்தது என்று கழன்றுகொண்டே போகும்.

கையால் தைக்கிற முறையை ஆங்கிலத்தில் சேடில் ஸ்டிட்ச் என்பார்கள். நான் சேணத் தையல் என்றே எழுதப்போகிறேன். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையாலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் அதே துளைகளால் போன மற்ற நூல் பிடித்துக்கொண்டிருக்கும். குதிரையில் போகிறவனுக்குச் சேணத்தின் வார் கழன்றால் கழுத்து முறியும், அதனால் வந்த முறை. பாரிஸில் 1837இல் குதிரைச் சாமான் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ், இன்று பை விற்று உலகப் பெயர் எடுத்த பிறகும், அந்தத் தையலை விடவில்லை.

எங்களுக்குப் பாரிஸ் எதற்கு? கிடுகு வேலி அடைத்ததைப் பார்த்த வயது என்றால் உடனே விளங்கும். வேலிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். ஒருவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து அனுப்ப, மற்றவர் வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். சின்ன வயதில் நான் ஒழுங்கைப் பக்கம் நின்றவன், அப்பப்பா வளவுக்குள். குத்தூசி கிடுகைப் பிளந்துகொண்டு எந்த இடத்தால் வரும் என்று எனக்குத் தெரியாது. "முகத்தை எடு தம்பி" என்று குரல் மட்டும் வரும், அடுத்த கணம் மூக்குக்கு முன்னால் நுனி நிற்கும். தோல் தையலில் உள்ளே நிற்பதும் நீங்கள்தான், வெளியே நிற்பதும் நீங்கள்தான்.

பஸ் நிலையத்தடியில் குடை விரித்து இருந்து செருப்புத் தைக்கிற அண்ணை போடுவதும் இதே தையல்தான். சந்தேகமென்றால் போய்ப் பாருங்கள்.

மாசி 12, பின்னேரம்

ஒருவர் கேட்கிறார்: ஒரே ஊசியால் கடைசி வரை ஓட்டிப் போய், அதே துளைகளால் திரும்பி வந்தால் போதாதா? பார்வைக்கு அதுவும் இதுவும் ஒன்று. ஆனால் திரும்பி வரும்போது முதல் நூலைக் குத்தாமல் வருவது கஷ்டம், இறுக்கமும் இரண்டு வாட்டியும் ஒன்றாக வராது. திறப்புக் கொத்தில் தொங்கவிட ஒரு தோல் துண்டு தைக்கிறீர்கள் என்றால் செய்யுங்கள், ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மாசி 14

நூல் பற்றி மூன்று பேர் கேட்டதால்.

தங்கூசி, அதுதான் மீன் பிடிக்கிற நைலோன் நரம்பு, வேண்டாம். குருநகரிலும் பாசையூரிலும் எத்தனை ரகமும் வாங்கலாம், மீனுக்கு அது தங்கம். தோலுக்கு அது கத்தி. ஒற்றை இழை, வழுக்கும், முடிச்சு நிற்காது, இறுக்கினால் துளையின் ஓரத்தை அறுக்கும். வலை பின்னுகிற முறுக்கு நைலோன் நூல் அவ்வளவு மோசமில்லை, ஆனால் இழுபடும். இன்றைக்கு இறுக்கமாக இருக்கிற தையல் நாலு மாதத்தில் தொங்கும். பொலியெஸ்டர் நூல் வாங்குங்கள், தடிப்பு 0.8 மில்லிமீற்றர் அளவில். பேர்சுக்கு 0.6 போதும். லினன் நூல் கிடைத்தால் பாக்கியம்.

மெழுகு என்றால் தேன் மெழுகு. மெழுகுதிரியை உரசினேன், சரிவரவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிவராது. மெழுகுதிரி வெறும் பரபின், நூலில் ஒட்டாமல் தவிடு மாதிரி உதிரும். தேன் மெழுகு பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்புத்தான் தையலைத் துளைக்குள் பிடித்து வைக்கும்.

நீளம்: தைக்கிற தூரத்தைப் போல நாலு மடங்கு, அதோடு ஊசி கட்ட ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண். முதல் தடவை எனக்குக் கடைசி ஐந்து துளைக்கு நூல் காணாமல் போனது. இரண்டரை மடங்கு போதும் என்று கஞ்சத்தனம் பார்த்தேன். பிறகு அந்த ஐந்து துளையை வேறு நூலால் தைத்தேன், நிறமும் வேறு.

மாசி 17

இனித் தைக்கிற கதை. நீளமாக வரும்.

துளைகளை முதலே போட்டு முடித்துவிடுங்கள். ஓரத்திலிருந்து 3 அல்லது 4 மில்லிமீற்றர் உள்ளே கவராயத்தால் கோடு கீறுங்கள். பேர்ஸ் என்றால் 4 மில்லிமீற்றருக்கு ஒரு துளை, பெல்ட் என்றால் 5. நெருக்கி நெருக்கிப் போட்டால் உறுதி என்று நினைக்க வேண்டாம். தபால் முத்திரைத் தாளைக் கிழிக்கிறோமே, அந்த மாதிரி அந்தக் கோட்டோடு தோல் கிழியும்.

நூலை ஊசியில் கோப்பதே ஒரு வித்தை. முடிச்சுப் போட்டால் துளைக்குள் போகாது. நூலின் நுனிக்கு இரண்டு அங்குலம் இந்தப் பக்கம், நூலின் நடுவை ஊசியால் இரண்டு மூன்று தரம் குத்திக் கோத்துக்கொள்ளுங்கள். நுனியைக் காதுக்குள் விட்டு, குத்திய மடிப்பை ஊசியின் மேலால் பின்னுக்கு உருவி விடுங்கள். நூல் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மற்ற முனையிலும் அப்படியே.

துண்டை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடியுங்கள். நல்ல பக்கம் வலக்கைப் பக்கம். தூரத்து முனையில் தொடங்கி உங்களை நோக்கி வாருங்கள். முதல் துளையால் நூலை விட்டு இரண்டு பக்கமும் சமமாக்குங்கள். அடுத்த துளையில் இடக்கை ஊசியை விடுங்கள். அது வலப்பக்கம் பாதி வந்ததும், வலக்கை ஊசியை அதற்குப் பின்னால் சிலுவை போல வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். வந்த நூலைத் துளையின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்குங்கள். மிஞ்சிய இடத்தால் வலக்கை ஊசியை இடப்பக்கம் அனுப்புங்கள். முழுக்க இழுப்பதற்கு முன் முதல் நூலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஓடினால் சரி. ஓடாவிட்டால் ஊசி நூலைக் குத்திவிட்டது, ஊசியைத் திருப்பி எடுங்கள். பிறகு இரண்டு கையும் ஒரே பலத்தில், பக்கவாட்டில், ஒரு இழுவை.

முடிவில் வந்த வழியே இரண்டு மூன்று துளை பின்னால் தைத்து, நூலை ஒட்ட வெட்டுங்கள். பொலியெஸ்டர் என்றால் லைட்டரைக் கிட்டக் காட்டினால் நுனி உருகி அமரும். லினனுக்கு நெருப்புக் காட்டக் கூடாது, எரிந்து கருகும்.

வேலை இவ்வளவுதான். கஷ்டம் ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது: வரிசை மாறக் கூடாது. முதல் ஊசி இடம் என்றால் கடைசித் துளை வரைக்கும் இடம். சிலுவையில் எந்த ஊசி பின்னால் நின்றதோ அதுவே எப்போதும் பின்னால். என் முதல் பேர்சில் எட்டாவது துளையில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து வலக்கை ஊசியை முதலில் விட்டேன். அதுவரை வயலில் காற்றுக்குச் சாய்ந்த நெல்லு மாதிரி ஒரே பக்கம் சரிந்துகொண்டு வந்த தையல், அந்த இடத்தில் ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. ஆறு வருடமாகிறது. காசு எடுக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும்.

மாசி 18

இடக்கைக்காரர் ஒருவர் கேட்டதற்கு: எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றுங்கள். நல்ல பக்கத்தையும் மாற்ற மறக்க வேண்டாம்.

மாசி 25

மாசி 12இல் எழுதியதில் ஒன்று பிழை. செருப்புத் தைக்கிற அண்ணை போடுவதும் சேணத் தையல் என்று எழுதியிருந்தேன். நேற்று ஒரு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். இல்லை.

அவரிடம் ஊசி இல்லவே இல்லை. மரப்பிடி போட்ட ஒரு கம்பி, நுனிக்குக் கிட்ட ஒரு சின்னக் கொக்கி வெட்டு. அதால் மேலிருந்து குத்துகிறார். அடியில் இடக்கை நூலோடு காத்திருக்கிறது, கண்ணால் பார்க்காமலே நூலைக் கொக்கியில் மாட்டுகிறது. கம்பி மேலே வரும்போது ஒரு கண்ணி வருகிறது. அந்தக் கண்ணிக்குள் மேல் நூலின் முனையை விட்டு இழுக்கிறார். மேல் நூல் மேலே, கீழ் நூல் கீழே. தையல் மெசின் செய்வதைத்தான் கையால் செய்கிறார்.

அப்படியென்றால் அறுந்தால் கழன்றுவிடாதா என்று பெரிய நியாயவாதி மாதிரிக் கேட்டேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. "தம்பி, உமக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கு. எனக்கு ஒரு கை செருப்புக்குள்ள நிக்குது. சப்பாத்தின்ர மூக்குக்குள்ள ரெண்டாவது ஊசிய ஆர் வாங்கித் தாறது?"

பதில் இல்லை. சப்பாத்து நுனிக்குள் கை போகாது, கொக்கி போகும். பிறகு அவர் காட்டியது இன்னொன்று: ஒவ்வொரு தையலையும் நூல் தோலுக்குள் புதைகிற அளவுக்கு இறுக்குகிறார். வெளியே தெரியாத நூல் தேயாது, தேயாத நூல் அறாது. நாங்கள் முறையைப் பற்றிக் கதைக்கிறோம், அவர் இறுக்கத்தைப் பார்க்கிறார்.

எழும்பும்போது ஒரு நாள் கூலிக் கணக்கில் காசு கொடுத்தேன். வேண்டாம் என்றார், பிறகு வாங்கினார். பழகப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் பழகுங்கள்.

பங்குனி 3

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன கிழமை பெரியப்பா வந்திருந்தார். விறாந்தையில் தோல் துண்டுகளும் நூலும் கிடந்தன. பார்த்துவிட்டு, "உது எங்கட வேலையோ?" என்றார். சத்தமாக இல்லை, மெதுவாகத்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்று சொல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அவர் போட்டு வந்தது தோல் செருப்பு. அவருடைய பேரன் மிருதங்கம் பழகுகிறான். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வாரும் சேர்த்துக் கட்டிய அதைச் சரஸ்வதி பூசைக்கு சாமி அறையில் வைத்துப் பூப் போடுகிறோம். தோலைத் தொட்டால் ஒன்றுமில்லை, தைத்தால்தான் பிரச்சினை போலும். இதை அவரிடம் சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் மொட்டை ஊசி வாங்கி நாலு பேர்ஸ் தைத்தால் அது 'லெதர் கிராஃப்ட்', படம் போட்டால் 'வடிவாய் இருக்கு' என்கிறார்கள். தலைமுறையாக அதே வேலை தெரிந்தவருக்கு இந்த ஊர் வைத்திருக்கிற சொல் அது இல்லை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பங்குனி 10

தோலுக்கு எங்கே போவது? புதுத் தோல் வேண்டுமென்றால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி விடுங்கள், புறக்கோட்டைப் பக்கம் சப்பாத்துச் சாமான் விற்கிற கடைகளில் வெட்டுத் துண்டுகள் நிறைக்கணக்கில் தருவார்கள். பழகுவதற்கு அதுவும் வேண்டாம். பழைய கைப்பை, உடைந்த சோபா, பழைய சயிக்கிள் சீற்று. றெக்சினை மட்டும் தோல் என்று நம்பி ஏமாற வேண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: றெக்சின் என்றால் பிளாஸ்ரிக் படையும் அடியில் துணியும், தோல் என்றால் நார் நாராக இருக்கும்.

தோலிலும் இரண்டு சாதி. (பங்குனி 3க்குப் பிறகு இந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. இரண்டு வகை.) மரப்பட்டையில் பதனிட்டது ஒன்று, குரோமிய உப்பில் பதனிட்டது மற்றது. குரோம் முறைக்கு அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை எடுத்தார்கள். மாதக் கணக்கில் ஊறவேண்டிய தோல் நாள் கணக்கில் முடிந்தது, அதற்குப் பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பட்டைக்குத் தென்னிந்தியாவில் பெயர் போனது ஆவாரை. எங்கள் பற்றைக் காடுகளில் மஞ்சளாகப் பூக்கிறதே, அதேதான். நாங்கள் பூவைத் தேத்தண்ணி ஆக்குகிறோம், அவர்கள் பட்டையைத் தோலுக்குப் போட்டார்கள்.

பழகுகிறவருக்குப் பட்டைத் தோல்தான் நல்லது. விறைப்பாக நிற்கும், கோடு கீறினால் பதியும், ஓரத்தை நனைத்துத் தேய்த்தால் மினுங்கும். குரோம் தோல் மெத்தென்று இழுபடும், ஓரம் தேய்த்தாலும் பஞ்சாகவே நிற்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு சின்னத் துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு கருவாடாகும், குரோம் தோல் அசையாது. எரித்தும் பார்க்கலாம், குரோமின் சாம்பல் பச்சை பாயும்.

தைத்து முடிந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசினால் நிறம் எடுக்கும்.

பங்குனி 11

எரித்துப் பார்ப்பதைக் குசினியில் செய்ய வேண்டாம். ஆரின் தலைமயிர் எரியுது என்று அம்மா கேட்டுக்கொண்டு ஓடி வந்தா.

பங்குனி 24

மெசின் தையல் கழன்றுகொண்டே போகும் என்று சொல்லிவிட்டேன், நான் அதைக் கண்ணால் பார்த்தேனா என்று ஒரு ஆள் மடக்கினார். சரி, இன்று பார்த்தேன்.

ஒரே தோலில் இரண்டு சோடித் துண்டு. ஒன்றைத் தையற்கடையில் கொடுத்து மெசினில் அடித்தேன், மற்றதை நான் தைத்தேன். இரண்டிலும் நடுவில் ஒரு தையலை பிளேட்டால் அறுத்துவிட்டு இரண்டு துண்டையும் விரித்து இழுத்தேன். கையால் தைத்தது அறுத்த இடத்தில் கொஞ்சம் வாய் திறந்தது, அவ்வளவுதான். மெசின் தையல்... உடனே கழன்று கொட்டவில்லை. முதல் இழுவையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு தையல் கழன்றது. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இழுத்த பிறகுதான் ஐந்தாறு போனது. தோல் நூலைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே 'கழன்றுகொண்டே போகும்' என்று எழுதியது கொஞ்சம் மிகை. ஆட்டம் இருக்கிற இடத்தில், பை வார், கொக்கியடி மாதிரி, போகும். ஆடாத இடத்தில் மெசின் தையல் போதும். கேள்வி கேட்டவரின் பெல்ட் கொக்கியடி என்பதால் கைத்தையல்தான், அதில் மாற்றமில்லை.

சித்திரை 20

புது வருடத்துக்கு வீட்டுக்கு வந்த மருமகன் உடைந்த முள்ளுக்கரண்டி ஒன்றின் பற்களை அரத்தால் கூராக்கித் தந்தான். துளைக்கு அடையாளம் வைக்க. ஒரு பல்லை முந்திய அடையாளத்தில் வைத்து மற்றவற்றை அழுத்தினால் இடைவெளி மாறாது. கரண்டியால் முழுத் துளையும் போட முயன்றேன், பல் வளைந்தது. அடையாளத்துக்குக் கரண்டி, துளைக்குக் குத்தூசி.

குத்தூசிக்கு சயிக்கிள் கம்பியைத் தீட்டியவர்கள் இருக்கிறீர்கள். வட்டத் துளை வரும், தையல் நேர்கோடாகக் கிடக்கும், உறுதியில் குறைவில்லை. அந்தச் சரிவு வேண்டுமென்றால் நுனியை டயமன் வடிவில் தட்டையாக்கி, ஒவ்வொரு துளையிலும் அதே சாய்வில் பிடிக்க வேண்டும். எனக்கு அந்தச் சாய்வு கைவர ஒரு வருடம்.

வைகாசி 6

பட்டைத் தோலை நனைத்து மடித்து, மடிப்பு நிற்கட்டும் என்று இரும்புக் கிளிப் இரண்டு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கிளிப் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் தழும்பு. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகாது. தோலில் இருக்கிற பட்டைச் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மையாகிவிடும். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போட்டு அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. பாதித் தேசிக்காயை மெதுவாகத் தேய்த்துத் தண்ணீரால் துடைத்தேன். ஒரு தழும்பு போனது. மற்றது மங்கி நிற்கிறது, அதைப் பையின் உட்பக்கமாக்கிவிட்டேன். உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப் போடுங்கள்.

ஆவணி 18

நல்லூர்த் திருவிழா. ஒரு தையலும் இல்லை. தெருவில் விற்ற தோல் பைகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன், முக்கால்வாசி றெக்சின். விற்றவர் முறைத்தார்.

கார்த்திகை 9

பெல்ட்காரர் படம் அனுப்பியிருக்கிறார். அம்மாடி. பிய்ந்த இடத்துக்கு மேலேயே தைத்திருக்கிறீர்கள். துளை அழகு, இறுக்கம் நல்லது, ஆனால் செத்த தோல் நூலைப் பிடிக்காது. கொக்கியை முழுக்கக் கழற்றுங்கள். பிய்ந்த பகுதியை வெட்டித் தள்ளுங்கள், இரண்டு அங்குலம் போகும். மடிகிற பகுதியை உட்பக்கத்தால் பாதித் தடிப்புக்குச் சீவி மெலிதாக்குங்கள், மடிப்பில் கொஞ்சம் தண்ணீர் தடவி வளையுங்கள். கொக்கி முள்ளு வர நடுவில் நீள் துளை. பிறகு புதுத் தோலில் புதுத் துளை. பெல்ட் இரண்டு அங்குலம் கட்டையாகும். அப்பாவுக்கு வயிறு வைத்திருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள்.

மார்கழி 27

பங்குனி 10இல் எழுதிய தேங்காய் எண்ணெயை வெட்டுங்கள்.

மாரி மழையில் எல்லார் வீட்டிலும் தோல் பூஞ்சணம் பிடிக்கும், தெரிந்த கதை. விடிய அலுமாரியைத் திறந்தால் என் பையிலும் வெள்ளைப் படலம். துடைத்து, வினாகிரி பூசி, நிழலில் காயப்போட்டேன். அடுத்த நாள் காலை மறுபடி வெள்ளை. மத்தியானம் பார்த்தால் இல்லை. பூஞ்சணம் மத்தியானத்தில் மறைந்து காலையில் வருமா? தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடு காட்டினேன், கண்ணுக்கு முன்னால் வெள்ளை உருகித் தோலுக்குள் போனது.

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழிப் பனியில் போத்தலில் கட்டியாகிறது, தோலுக்குள்ளும் அப்படியே கட்டியாகி வெளியே பூக்கிறது. சூட்டுக்கு உருகினால் எண்ணெய், உருகாவிட்டால் பூஞ்சணம். எண்ணெய் பழசானால் சிக்கு மணமும் வரும். நூலுக்கு வாங்கிய தேன் மெழுகையே விரலில் சூடாக்கித் தோலிலும் மெல்லிசாகத் தேய்க்கிறேன் இப்போது. எண்ணெய் பூசச் சொல்லிக் கேட்டவர்கள் என்னைத் திட்டலாம், நியாயம்தான்.

2025 தை 16

பெல்ட் முடிந்தது. நேரிலேயே கொண்டுவந்து காட்டினார். கொக்கியடியில் இருபத்திரண்டு தையல், இரண்டு வரிசை. நான் தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு இடத்தில் வரிசை மாறியிருக்கிறது, பதின்மூன்றாவது. என்ன நடந்தது என்று கேட்டேன். "அப்பா கூப்பிட்டார், அளவு பார்க்க" என்றார்.

அவருக்கு என் மொட்டை ஊசிகளில் ஒரு சோடியைக் கொடுக்கப் போனால் ஒன்றைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் அம்மா சாமி அறையில் அதால் நந்தியாவட்டை மாலை கோத்துக்கொண்டிருக்கிறா. "இது கையில குத்தேல்ல, நல்லாயிருக்கு. நீ வேற வாங்கு" என்கிறா.